கொட்வின் இளைப்பாறினார்

15.09.2006, வெள்ளி

இன்றைய பிழை: அறிவித்தலில் 'இளைப்பாறினார்' என்பதை 'இலைப்பாறினார்' என்று அடித்துவிட்டேன். அச்செடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. எந்த எழுத்து என்று ரஞ்சினி ரீச்சருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டேன். 'ளை' என்றார். பன்னிரண்டு தாளும் வீண்.

நடந்தது: மறுபடி பன்னிரண்டு அச்செடுத்தேன். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். இப்போது பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

நாளைய வேலை: ஒட்டுவது. தமிழ்க் கடை இரண்டு, தேவாலய மண்டபம், ட்ராம் தரிப்பிடங்கள். பசைநாடா எடுக்க மறக்கக்கூடாது.

பிறின்சியின் கொப்பியில் பதினான்கு மாதமாக எல்லா நாளும் இந்த மூன்று தலைப்பின் கீழேதான் ஓடின. ஜெர்மனியின் எசன் நகரில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ் எழுதப் பழகட்டும் என்று ரஞ்சினி ரீச்சர் தேவாலய மண்டபத்து மேல்மாடியில் செவ்வாயும் வெள்ளியும் மாலை வகுப்பு வைத்திருந்தார். நாட்குறிப்பு எழுதச் சொன்னவரும் அவர்தான். மற்றவர்கள் ஒரு மாதத்தில் கைவிட்டார்கள். இருபது வயதுப் பிறின்சி மட்டும், பகல் முழுவதும் முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு வந்தாலும், ஒரு நாளும் விடவில்லை. 'இன்றைய பிழை' என்ற இடம் காலியாக இருந்தால் அவளுக்கு நிம்மதி வராது. தேடிப் பிடித்தாவது ஒன்றை எழுதிவிட்டுத்தான் கொப்பியை மூடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளுக்கு அதே வேலைதான். 'ட்ஸெஹ நொய்ன்' என்ற பேஸ்போல் கழகத்தின் புள்ளிப் புத்தகம் அவள் கையில் இருந்தது. மூடிப்போன ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் பெயரைக் கழகத்துக்கு வைத்திருந்தார்கள். தமிழர்கள் அதை 'ஒன்பதாம் சுரங்கம்' என்றார்கள். யார் அடித்தது, யார் ஓடியது, யார் பிழைவிட்டது என்பதை எல்லாம் சிறு கட்டங்களில் குறிக்க வேண்டும். பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டாலோ, பிடித்த பந்தைக் கண்டபடி எறிந்தாலோ, ஆட்டக்காரனின் பெயரில் பிழை ஏறும். அது பிழையா இல்லையா என்று தீர்மானிப்பவள் பிறின்சி.

ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் நாலு மூலைகளில் மூன்றாவதைக் காத்து, அந்தக் கழகத்தின் மூன்றாம் மூலையில் பதினேழு வருடமாக நின்றவர் கொட்வின். மன்னாரில் பள்ளிக்கூடத்துப் பையனாக, மூங்கில் தடியால் அடித்து ஓடுகிற எல்லே விளையாடியவர். எண்பத்தொன்பதில் அகதியாக வந்து இறங்கிய முகாமின் வேலிக்கு அப்பால் இந்த மைதானம் இருந்தது. இப்போது வயது நாற்பத்திரண்டு. பொதி பிரிக்கும் கூடத்தில் வேலை, கலியாணம் இல்லை, வலது தோள் போய்விட்டது. இருபத்துநான்காம் திகதியோடு விளையாட்டை விடுவதாகக் கழகத்தில் சொல்லியிருந்தார். தமிழ் ஆட்களுக்கு அறிவித்தல் எழுதும் பொறுப்பைப் பிறின்சி தானாகக் கேட்டு வாங்கினாள்.

அவள் அதை ஒழுங்காகவே செய்தாள். அகராதியில் பார்த்தாள், ஓய்வு பெறுவதற்கு இளைப்பாறுதல் என்று இருந்தது. இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர் என்றுதானே ஊரிலும் எழுதுகிறார்கள்? தமிழில் ஓர் அறிவித்தல் எப்படி இருக்கும் என்று அறிய, மண்டபத்துப் பலகையில் ஒட்டியிருந்த தாள்களை நின்று வாசித்தாள். அந்த அமைப்பிலேயே எழுதினாள். மேலே கறுப்பு வெள்ளைப் படம். விளையாட்டுப் பதிவுகளில் போடுவதுபோலப் படத்தின் கீழே ஆடிய ஆண்டுகள்: 1989 – 2006. அதன் கீழே:

'எங்கள் பாசமிகு கொட்வின் தன் ஓட்டத்தை முடித்து இளைப்பாறினார். பிரியாவிடை 24.09.2006 ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குக் கழக மைதானத்தில். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இதனை ஏற்றுக்கொள்ளவும்.'

ஓட்டம் என்று அவள் எழுதியது, அவர் ஓடி எடுத்த ஓட்டங்களை. புத்தகத்தில் கூட்டிப் பார்த்திருந்தாள்: ஐந்நூற்றுப் பதினொன்று. மண்டபத்துப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த தாள்கள் அத்தனையும் மரண அறிவித்தல்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தமிழில் அறிவித்தல் என்றாலே அந்த நடைதான் என்று நினைத்துவிட்டாள்.

*

செவ்வாய் மத்தியானம் கைபேசி அடித்தது. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"பிறின்சி, நான் செத்திட்டனாம். உனக்குத் தெரியுமோ?"

கொட்வினின் குரலில் சிரிப்பு இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் தமிழ்க் கடைக்குள் நுழைந்திருக்கிறார். கடைக்காரர் கையில் இருந்த பருப்புப் பையைக் கீழே போட்டுவிட்டாராம். "பேயைக் கண்ட மாதிரி நிண்டான். பருப்பைப் பொறுக்கிக் குடுத்திட்டு வாறன்."

"அண்ணை, நான்... இளைப்பாறினார் எண்டுதானே..."

"ஓம், ஓம். சொல்லில பிழையில்லை. எழுதின பிள்ளைதான் பிழை." மறுபடி சிரித்தார். "சரி விடு. அண்டைக்கு நல்ல சனம் வரும்."

வேலை முடிந்ததும் பிறின்சி ஓடி ஓடித் தாள்களைக் கழற்றினாள். பதினொன்று கிடைத்தது. ஒன்றைக் காணவில்லை. மாலை ஏழு மணிக்கு, வகுப்பு வாசலில் நிற்கும்போது மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை கொட்வின் சிரிக்கவில்லை.

அறிவித்தலைச் சனிக்கிழமை யாரோ பார்த்து பாரிசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாரிசிலிருந்து ஞாயிறு கொட்வின் வீட்டுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார்கள். அன்று வெளியூரில் ஆட்டம். வீட்டில் யாரும் எடுக்கவில்லை. செத்தவன் வீட்டில் போன் எடுக்க ஆள் ஏது என்று அதையே உறுதியாக எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை செய்தி மன்னார் பட்டினத்தில் இருந்த சித்தி மகனுக்குப் போய்விட்டது. கொட்வினின் தாய் இராணுவச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம், போன் இல்லாத இடத்தில் இருந்தார். சாமான் கொண்டுபோய் வருகிற ஒருவர் செவ்வாய் காலை அங்கே போய்ச் சொல்லிவிட்டு, பின்னேரமே திரும்பியும் வந்துவிட்டார்.

"என்ன சொன்னவ அம்மா?" பிறின்சிக்குக் கேட்கவே பயமாக இருந்தது.

"அழேல்லையாம். 'விளையாடேக்கையோ போனவன்?' எண்டு மட்டும் கேட்டவவாம். பிறகு உள்ளுக்குப் போய் என்ர படத்தைக் கழற்றித் துடைச்சு, அப்பாவின்ர படத்துக்குப் பக்கத்தில மாட்டினவவாம்."

கொட்வினின் அப்பா இறந்து ஒன்பது வருடம்.

"நாளைக்குக் காலமை அந்த ஆளே திரும்பிப் போய்ச் சொல்லுவார் அண்ணை. நாளைக்கே..."

"ஓம். நாளைக்கு."

மறுநாள் காலை அந்த ஆள் சாவடிக்குப் போனபோது பாதை பூட்டியிருந்தது. இரவு எங்கோ ஷெல் விழுந்திருக்கிறது. எப்போது திறக்கும் என்று கேட்டவரைத் துவக்கோடு நின்றவன் திருப்பி அனுப்பிவிட்டான். வியாழன் பூட்டு. வெள்ளியும் பூட்டு. பொய்ச் செய்தி, பாதை திறந்திருந்த கடைசி நாளில் கடந்து போய்ச் சேர்ந்தது. உண்மை வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றது.

வெள்ளிக்கிழமை பிறின்சி செஞ்சிலுவைச் சங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். குடும்பச் செய்திப் படிவம் ஒன்று இருக்கிறது, பாதை பூட்டியிருந்தாலும் போகக்கூடும் என்றார்கள். எத்தனை நாள் என்று கேட்டாள். ஆறு கிழமை, எட்டுக் கிழமை, சொல்ல முடியாது என்றார்கள். திங்கள் காலை நேரில் வரச்சொல்லி ரெர்மின் தந்தார்கள்.

ஆறு கிழமை என்றால் ஊரில் அவருக்கு முப்பத்தோராம் நாள் பூசையே முடிந்திருக்கும்.

*

ஞாயிறு வெயில் அடித்தது. மூன்றாம் மூலைப் பக்கத்து மரப்படிகளில் வழக்கமாகப் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அன்று அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தும் வந்தவர்கள் பாதி. உள்ளதோ இல்லையோ என்று பார்க்க வந்தவர்கள் மீதி. தாயின் கதை அதற்குள் படிகளில் எல்லோருக்கும் பரவிவிட்டது. அதனால் யாரும் பிறின்சியை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று அவள் நினைத்தாள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு வான் வந்து நின்றது. கொட்வினின் பழைய சிநேகிதர் முருகேசன் கறுப்புச் சட்டையோடு முதலில் இறங்கினார். பின்னால் இரண்டு பெண்கள் வெள்ளைப் பூவில் கட்டிய பெரிய மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அறிவித்தல் பிழை என்று தாள்களைக் கழற்றிய செய்தி அவர்களுக்கு எட்டவில்லை. முருகேசன் எசன் பக்கம் வந்தபோது கழற்றிச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள்தான் அந்தப் பன்னிரண்டாவது.

"பெட்டி எங்கை வைச்சிருக்கினம்?" என்று அவர் ஜேசுரட்ணத்திடம் மெதுவாகக் கேட்டார்.

ஜேசுரட்ணம் ஒரு ஆட்டமும் தவறவிடாதவர். நடுவரைத் தமிழில் ஏசுவதற்கென்றே வருகிறவர். மைதானத்தைக் கைகாட்டினார். "அங்கை நிக்குது பார் பெட்டி. மூன்றாம் மூலையில. தொப்பி போட்டிருக்கு."

முருகேசன் பார்த்தார். கொட்வின் குனிந்து மண்ணைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அட நாசமாப் போவாங்கள்," என்றார் முருகேசன். கண் கலங்கிவிட்டது. "முப்பத்தஞ்சு கிலோமீற்றர் அழுதுகொண்டு வந்தனான்ரா. மனிசிக்கு ரெண்டு தரம் தண்ணி குடுத்தது."

"கீழை எண்பத்தொன்பது எண்டு கிடக்கே, பதினேழு வயசுப் பெடியன்ர மரணத்துக்கோ வந்தனி? எண்ணிப் பார்க்கத் தெரியாதோ?"

"முகத்தைப் பார்த்தனான். யார் இலக்கம் பார்த்தது?"

சிலர் சிரித்தார்கள். கொட்வின் எல்லைக்கோட்டுக்கு வந்து கையை நீட்டினார். முருகேசன் குலுக்கக் கை கொடுத்தார். கொட்வின் கேட்டது தாளை. வாங்கி ஒருமுறை வாசித்துவிட்டு நாலாக மடித்து, காற்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

அந்த நேரம் கழகத் தலைவர் ஹோர்ஸ்ட் மலர்வளையத்தைக் கண்டார். தமிழர் கலியாணம் ஒன்றுக்குப் போய் மாலை போடப்பட்டு வந்தவர் அவர். அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "எவ்வளவு அழகு!" என்று ஜெர்மனில் சொல்லி, அந்தப் பெண்களிடமிருந்து அதை வாங்கி, யாரும் வாய் திறக்க முதல் மைதானத்துக்குள் நடந்துபோய்க் கொட்வினின் கழுத்தில் போட்டுவிட்டார். ஊதா நாடா நெஞ்சுக்கு நேரே தொங்கியது. அதில் தங்க எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது.

எதிரணிக்காரர்கள் கை தட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். தமிழர் இருந்த படிகளில் ஒரு கையும் அசையவில்லை. முன்படியில் இருந்த டொறத்தி அக்கா சிலுவை அடையாளம் போட்டார்.

கொட்வின் நாடாவைக் குனிந்து வாசித்தார். கழற்றவில்லை. ஹோர்ஸ்ட் பேசி முடியும் வரை அப்படியே நின்றார். பிறகு வளையத்தைக் கழற்றி, ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில், தன் தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

*

ஆட்டம் தொடங்கியது. பிறின்சி பென்சிலைச் சீவினாள். அவளுக்குப் பின்னால் படிகளில் பேச்சு நடந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் யாரோ ஒருவர் எதையோ நினைவுபடுத்தினார்கள்.

"முதல் பந்து எனக்கு ஞாபகம்," என்றார் ஜேசுரட்ணம். "முகாம் வேலிக்கு இங்கால வந்து விழுந்தது. வெள்ளைக்காரன் ஒருத்தன் வேலியடியில நிண்டு கேக்கிறான். இவன் எடுத்து எறிஞ்சான். வேலியடியில நிண்டவனுக்கு மேலால, எல்லாருக்கும் மேலால, அங்கால நிண்டவன்ர கைக்கை போச்சு. அண்டைக்கே ஹோர்ஸ்ட் வந்து வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். இவனுக்கு ஒரு சொல் ஜெர்மன் தெரியாது. அவன் என்ன கேட்டாலும் 'யா, யா'."

"எசனை விட்டு வெளியில போக விடேல்லையே," என்றார் டொறத்தி அக்கா. "ஆறு வருசம்."

"ஓம். விசா அப்படி. உள்ளூர் ஆட்டம் மட்டும். வெளியூர் ஆட்டத்துக்கு ஒவ்வொருக்காலும் அனுமதி கேட்டு அன்ராக் போட வேணும். ஹோர்ஸ்ட் பதினொரு அன்ராக் எழுதினவன். ரெண்டு கிடைச்சது."

பிறின்சிக்கு அது புத்தகத்தில் தெரியும். பழைய பக்கங்களில் கொட்வினின் வரிசை ஒன்றுவிட்டு ஒன்று வெறுமையாகக் கிடக்கும். சிறுமியாக இருந்தபோது, யாரோ நிரப்ப மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள்.

"எனக்கு மறுப்புக் கடிதம் வந்த அண்டைக்கு," என்றார் டொறத்தி அக்கா, "வீட்டில இருந்து அழ ஏலாது. ஒரு அறைக்குள்ள எட்டுப் பேர். இங்கை வந்து, இந்தப் படியில இருந்துதான் அழுதனான். உவன் ஒரு அடி அடிச்சான். பந்து ட்ராம் வயருக்கு மேலால போச்சு. அழுறதை விட்டிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன். வேறை ஒண்டுமில்லை. விசாவும் தரேல்லை, ஒண்டும் தரேல்லை. அவ்வளவுதான்."

"நல்லவன்," என்றார் முருகேசன்.

"என்ன கெட்ட பழக்கம் இருந்தது அவனுக்கு? ஒண்டுமில்லை."

"இருந்தது, இருந்தது எண்டு கதைக்காதேங்கோ," என்று பிறின்சி திரும்பினாள். குரல் உயர்ந்துவிட்டது. படிகளில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் மறுபடி புத்தகத்துக்குள் குனிந்தாள்.

ஆனாலும் அவர்கள் அப்படித்தான் கதைத்தார்கள். சாவீட்டுக்கு என்று கட்டிக்கொண்டு வந்த சொற்களை எங்கே இறக்கி வைப்பது? கொட்வின் இருபது மீற்றர் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒருமுறையும் திரும்பவில்லை.

ஒன்பதாம் சுற்றில் ஐந்துக்கு நாலு என்று ஒன்பதாம் சுரங்கம் முன்னுக்கு நின்றது. எதிரணியில் இரண்டு பேர் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். அவர்களின் வேறு இரண்டு பேர் ஓடக் காத்து மூலைகளில் நின்றார்கள். இன்னும் ஒருவனை வெளியேற்றினால் முடிந்தது. பந்து நிலத்தோடு உருண்டு நேராக மூன்றாம் மூலைக்கு வந்தது. அந்தப் பந்தை அவர் ஆயிரம் தடவை எடுத்து எறிந்திருப்பார். எடுத்தார். நிமிர்ந்தார். எறியாமல் ஒரு கணம் நின்றார். பிறகு எறிந்த பந்து, முதலாம் மூலையில் நின்றவனின் நீட்டிய கைக்கு மேலால் போய் வேலியில் அடித்து விழுந்தது. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஐந்துக்கு ஆறு. அடுத்த பாதியில் மூன்று பேரும் வரிசையாக வெளியேறினார்கள். அதில் கடைசி ஆள் கொட்வின்.

பிறின்சியின் பென்சில் அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது.

ஜேசுரட்ணம் படியிறங்கி அவள் தோளுக்குப் பின்னால் வந்தார். "பிள்ளை, அதைப் பிழை எண்டு போடாதை, அடிச்சவன்ர அடி எண்டு போடு. நல்ல வேகமான பந்து. ஆர் கேக்கப் போறான்?"

"வேகம் இல்லை அண்ணை."

"கடைசி ஆட்டம். கடைசிப் பக்கத்தில அவன்ர பேரில பிழை எண்டோ எழுதப் போறாய்? ஒரு சொல்லால அந்த மனிசனுக்கு நீ செய்தது காணாதோ?"

சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறின்சி மறுபடி கட்டத்தைப் பார்த்தாள். அடி என்று போடலாம். அது பொய், ஆனால் அன்பான பொய். அவருக்கு அது சிறு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அறிவித்தலை எழுதும்போதும் அவளிடம் அன்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. இனித் தன் அன்பை நம்பி ஒரு எழுத்தும் எழுத அவளுக்குத் துணிவில்லை. பிழைக்குரிய குறியைப் போட்டாள். பக்கத்தில் மூன்றாம் மூலைக்காரனின் இலக்கமான ஐந்தை எழுதினாள்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் கொட்வின் முதலில் செய்வது, அவளிடம் வந்து தலைகீழாகவே புத்தகத்தை எட்டிப் பார்த்து, "என்ன எழுதியிருக்கிறாய் என்னைப் பற்றி?" என்று கேட்பது. ஐந்து வருடமாக அது நடந்தது. அன்று அவள் புத்தகத்தைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சனம் அவரைச் சூழ்ந்தது, கை குலுக்கியது, படம் எடுத்தது, மெல்லக் கலைந்தது. வான் போய்விட்டது. ஹோர்ஸ்ட் மூலைத் தட்டுகளைக் கழற்றி அடுக்கினார்.

கொட்வின் வேலியடியில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேசுவதைவிடக் கேட்பதே அதிகமாக இருந்தது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாதை?" என்றாள் பிறின்சி.

"பூட்டு."

"நாளைக்கு ஒன்பதரைக்கு ரெர்மின் அண்ணை. நான் லீவு எடுத்திட்டன். கட்டாயம் வாங்கோ."

"வாறன்." அவர் தொப்பியைக் கழற்றினார். "அவ அழேல்லை எண்டதுதான் பிறின்சி. பந்தைக் கையில எடுத்தவுடனே அதுதான் வந்தது. பதினேழு வருசம் காணாத பிள்ளை. செத்தது எண்டவுடனே ஓமெண்டு நம்பிட்டா. அவவுக்கு நான் எப்பவோ..."

முடிக்கவில்லை. புத்தகம் அவள் மடியில் திறந்தே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ட்ராம் தரிப்பிடத்துக்கு நடந்து போனார். வெள்ளை வளையம் வாங்கிலேயே கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று ஹோர்ஸ்ட் கேட்டார். பிறின்சி புத்தகத்தை மூடினாள்.

24.09.2006, ஞாயிறு

இன்றைய பிழை: ஒன்பதாம் சுற்று, மூன்றாம் மூலை. அது அவருடையது, சரியாகவே எழுதியிருக்கிறேன். என்னுடையது பன்னிரண்டு தாளில் இருக்கிறது. பதினொன்று என்னிடம். ஒன்று அவருடைய பையில். திருப்பிக் கேட்க முடியவில்லை.

நடந்தது: ஆறுக்கு ஐந்து தோல்வி. பாதை பூட்டு.

நாளைய வேலை: காலை 9.30, செஞ்சிலுவைச் சங்க அலுவலகம். நீலப் பேனை கொண்டுபோவது. தாயின் முழுப்பெயர், பிறந்த திகதி, பங்குக் கோயிலின் பெயர் கேட்டு எழுதுவது. செய்திக்கான இடத்தில் எழுத வேண்டியது: 'அம்மா, நான் உயிரோடு இருக்கிறேன். கொட்வின்.' வேறு ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது.